பிராகோவுக்காகத் திருப்பிப் போட்ட லேத்

எனக்கு வாய் நீளம். குமாசி நகரத்தில், சுவாமே மேகசின் என்கிற பட்டறைப் பேட்டைக்கு நடுவில் எங்கள் சந்துக்கு வந்து யாரைக் கேட்டாலும் துவோமோவைப் பற்றி இதைத்தான் முதலில் சொல்வார்கள். நான் நல்ல தொழிலாளி என்பதை இரண்டாவதாகச் சொல்வார்கள். சிலர் சொல்லாமலும் விட்டுவிடுவார்கள். பத்தொன்பது வருடம் லேத்தில் தகடு வளைத்திருக்கிறேன். வட்டமாக வெட்டிய அலுமினியத் தகட்டைச் சுழல விட்டு, நீளமான கம்பியால் தள்ளித் தள்ளி, மர அச்சின் மேல் படிய வைக்கிற வேலை. பேசின், மூடி, புனல் எல்லாம் அப்படித்தான் பிறக்கின்றன. பார்க்கிறவர்களுக்கு மண்பானை வனைகிற மாதிரி இருக்கும். அலுமினியம் களிமண் மாதிரி சொன்ன பேச்சு கேட்காது என்பது செய்கிறவனுக்குத்தான் தெரியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, பிராகோ அக்காவைப் பற்றி. இன்றைக்கு நான் மூன்று வேளை சாப்பிடுகிறேன் என்றால் அது அவரால். இதை மேடை போட்டுச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.

பிராகோ அக்கா மாம்போங் பக்கத்துக்காரர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். புருஷன் லாரி ஓட்டினார். வெங்காய லோடு ஏற்ற வடக்கே போய் வந்துகொண்டிருந்தவர், ஒரு தடவை போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். அக்கா அழுது ஊரைக் கூட்டவில்லை. பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு குமாசிக்கு வந்து, என் பட்டறையின் தகரச் சாய்ப்புக்குக் கீழே ஒரு கரி அடுப்பை வைத்தார். புளித்த சோளமாவைக் கிண்டி எடுக்கிற பாங்க்குக் களி, வெண்டைக்காய்க் குழம்பு, மிளகாய் அரைத்த துவையல், வறுத்த மீன். பதினொரு வருடம் எங்கள் சந்து முழுக்க அவர் கையால்தான் சாப்பிட்டது. மகள் சுன்யானியில் நர்சு படிப்புக்குச் சேர்ந்ததும் அந்த அடுப்பில்தான்.

அவர் வந்த முதல் வருடம் நடந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மதியக் கூட்டத்தில் ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் தட்டு என்று பறந்துகொண்டிருந்தவர், அவசரத்தில் என் தட்டை இடது கையால் நீட்டிவிட்டார். எங்கள் ஊரில் இடது கையால் எதையும் கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது, வழி கேட்டவனுக்குச் சுட்டிக்காட்டவும் கூடாது. தவிர்க்க முடியாமல் நீட்டினால், "இடது கை, மன்னிச்சுக்கணும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நீட்ட வேண்டும். நான் தட்டை அவர் பக்கமே தள்ளிவிட்டு, பத்துப் பேர் முன்னால், "ஏம்மா, உங்கம்மா உனக்கு எந்தக் கை எதுக்குன்னு சொல்லித் தரலையா?" என்று கத்தினேன். அவர் வலது கையால் வேறு தட்டு கொடுத்தார். அதற்குப் பிறகு என் கண்ணில் அவருடைய இடது கை படவே இல்லை. நானும் அதை மறந்துபோனேன்.

போன தை மாதம், வடக்கே இருந்து புழுதிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், நான் ஏறியிருந்த ட்ரோட்ரோ வேன் ஒரு மரவண்டியில் மோதியது. மற்ற எல்லோருக்கும் சிராய்ப்பு. எனக்கு வலது முழங்கை நொறுங்கியது. விரல் நுனியிலிருந்து தோள்பட்டை வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். ஐந்து மாதம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள்.

வலியைவிட எனக்குப் பெரிய கவலை எங்கள் சந்துச் சங்கத்தின் விதி. பட்டறை இடங்கள் சங்கத்துக்குச் சொந்தம். இடம் கேட்டு வரிசையில் காத்திருப்பவர்கள் ஏகப்பட்ட பேர். ஆகவே, ஒரு பட்டறையில் மூன்று மாதம் வேலை நடக்கவில்லை என்றால் அந்த இடம் வரிசையில் முதல் ஆளுக்குப் போய்விடும். அந்த முதல் ஆள் என் பக்கத்துக் கடைக்காரர் அமோட்டெங். கார் விளக்குகள் விற்கிறவர். கடையைப் பெரிதாக்க வேண்டும் என்று நாலு வருடமாக மனுப் போட்டு வைத்திருந்தார். என்னைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "உடம்பப் பாத்துக்குங்க, மாஸ்டர்" என்றார். சொல்லிக்கொண்டே கண்ணால் என் பட்டறைச் சுவரை அளந்துவிட்டுப் போனார்.

வேறு ஒருவரைக் கூலிக்கு வைத்து ஓட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மேகசினில் தகடு வளைக்கத் தெரிந்தவர்கள் என்னைத் தவிர இரண்டு பேர்தான். ஒருவரிடம் அவர் செய்த பேசினில் கோழிகூடத் தண்ணீர் குடிக்காது என்று போன வருடம்தான் சொல்லியிருந்தேன். மற்றவரிடம் சொன்னதை இங்கே எழுத முடியாது. இருவரும் எனக்கு உடம்பு சீக்கிரம் தேறட்டும் என்று வாழ்த்து மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

பங்குனி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். ஓடாத லேத்துக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிராகோ அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"மாஸ்டர், அந்தக் கம்பிய எப்படிப் பிடிக்கணும்?"

"எதுக்கு? அடுப்பக் கிளறவா?"

"லேத்தத்தான் கேக்கறேன். எப்படிப் பிடிக்கணும்?"

நான் சிரித்தேன். "ஏம்மா, இது களி கிண்டற வேலையில்ல. நான் கத்துக்க மூணு வருஷம் ஆச்சு."

"உங்களுக்குச் சொல்லிக் குடுத்தவரு உங்கள மாதிரியே கத்திக்கிட்டே இருந்திருப்பாரு, அதான் மூணு வருஷம்." வெளியே சாய்ப்பைக் காட்டினார். "இந்தச் சாய்ப்பு போனா என் அடுப்பும் போச்சு. விளக்குக் கடை வாசல்ல புகைய விடுவாரா அமோட்டெங்? எம் பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கி. உங்களுக்குக் கை இல்ல, எனக்குத் தொழில் தெரியாது. ரெண்டையும் சேத்தா ஒரு ஆளு தேறாதா?"

எழுந்துபோய் ஸ்விட்சைப் போட்டேன்.

முதல் பாடம் எங்கே நிற்பது என்பதுதான். தகடு சுழல ஆரம்பிக்கிற நேரத்தில் யாரும் அதற்கு நேராக நிற்கக் கூடாது. சரியாக நடுவில் பிடிபடாத தகடு கழன்றால் கழுத்தை அறுத்துவிட்டுப் போகும். வளையலைக் கழற்று, தலைத்துணி முனையை உள்ளே செருகு, தள்ளி நில். இதை நாளுக்கு இருபது தடவை கத்தினேன். பிறகு அச்சுக்கும், எதிரே நகர்ந்து வந்து அழுத்துகிற பின்கட்டைக்கும் நடுவில் தகட்டை நசுக்கி இறுக்குவது, சுழலும்போது மஞ்சள் பார் சோப்பைத் தகட்டில் தேய்ப்பது. சோப்பு இல்லாமல் கம்பியை வைத்தால் அலுமினியம் கம்பியில் ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் கம்பி. என் தோள் உயரத்துக்குக் கால்வாசி குறையும். முனை மழுங்கி, கண்ணாடி மாதிரி இருக்கும். மரப்பிடியைக் கக்கத்தில் இடுக்கி, நடுவில் உள்ள இரும்பு முளையில் சாய்த்து, உடம்பைச் சாய்த்துத் தள்ள வேண்டும். முதலில் அச்சின் அடிப்பக்கத்தில் தகட்டைப் பிடிக்க வைக்க வேண்டும். அங்கிருந்து விளிம்பை நோக்கிச் சின்னச் சின்னத் தள்ளல். ஒரே தள்ளலில் சோம்பேறித்தனமாக விளிம்பு வரை போனால், தகடு பாவாடைக் கொசுவம் மாதிரி சுருங்கிவிடும். கொசுவம் விழுந்த தகட்டை நேராக்க யாராலும் முடியாது. கொசுவம் விழாமல் இருக்க, மற்றக் கையால் ஒரு கட்டையைத் தகட்டுக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

பிராகோ அக்கா சொன்னதையெல்லாம் கேட்டார். தகடு மட்டும் கேட்கவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. போட்ட தகடெல்லாம் கொசுவம். சிலது கிழிந்தது. வலது கக்கத்தில் கம்பியை இடுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, வியர்க்க வியர்க்கத் தள்ளுவார். கம்பி நடுங்கும், தகடு அலறும், நான் தகட்டைவிடச் சத்தமாக அலறுவேன்.

"கையால தள்ளாதேன்னு எத்தன தடவ சொல்றது! இடுப்பால தள்ளு, இடுப்பால!"

"சரி மாஸ்டர்."

"சரி சரின்னு சொல்ற, மறுபடியும் கையாலதான தள்ற!"

"சரி மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

ஒரே ஒரு விஷயத்தில் என்னை மிஞ்சினார். தகடு பாதி வளைந்ததும் விறைத்துக்கொள்ளும். கழற்றி, நெருப்பில் காட்டி, இளக வைத்து மறுபடி ஏற்ற வேண்டும். அலுமினியம் இரும்பு மாதிரி சிவக்காது. கொஞ்சம் ஏமாந்தால் ஒழுகிப் போய்விடும். தகட்டில் சோப்பால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோடு கருகிப் பழுப்பானதும் எடுக்க வேண்டும். அதைத் தன் கரி அடுப்பில் முதல் நாளே பிசகில்லாமல் செய்தார். நெருப்போடு பழகினவர். அதற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

மூன்றாவது வாரக் கடைசியில் சோப்புத் தீர்ந்துவிட்டது. அதற்கும் அவரைத்தான் திட்ட வேண்டும் என்று, அடுப்புப் பக்கம் தொங்கவிட்டிருந்த திரைத்துணியை விலக்கினேன். மதியக் களி கிண்டிக்கொண்டிருந்தார். இரும்புச் சட்டத்தில் பானை நகராமல் மாட்டியிருக்க, சட்டத்தை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, ஆளுயரத் துடுப்பின் பிடியை இடது கக்கத்தில் இடுக்கி, இடது கையைத் தாழ இறக்கி, வலது கையால் வழி மட்டும் காட்டியபடி, இடுப்பை முழுசாகச் சாய்த்துச் சாய்த்து நிமிர்ந்தார். கெட்டிக் களி பானையின் சுவரில் படிந்து படிந்து ஏறியது. நான் மூன்று வாரமாகத் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் அங்கே அப்படியே நடந்துகொண்டிருந்தது.

"இது எத்தன நாளா?" என்றேன்.

அவர் திடுக்கிட்டு இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நாற்பத்தெட்டு வயதுப் பெண், திருடிப் பிடிபட்டவர் மாதிரி.

"பொறந்ததுலேர்ந்து, மாஸ்டர்."

"அப்ப மூணு வாரமா என் உயிர எதுக்கு வாங்கின? இடது கைக்காரின்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கலாம்ல?"

"சின்னப் புள்ளையில எங்கம்மா இந்தக் கையத் துணியில சுத்தி இடுப்போட கட்டி வெச்சிருந்தாங்க. பள்ளிக்கூடத்துல ஸ்கேலால அடிச்சாங்க. பதினோரு வருஷம் முன்னாடி நீங்க தட்டத் தள்ளிவிட்டீங்க." கோபமே இல்லாமல் சொன்னார். "தொழில் சொல்லித் தர்றவரு முன்னாடி போயி இந்தக் கைய நீட்டுவேனா?"

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. வெட்கமாக இருந்தது. அதை இப்போதுதான் சொல்கிறேன். அன்றைக்கு, "அடுப்ப அணை, வா" என்று மட்டும் சொன்னேன்.

இடது கைக்காரருக்குக் கம்பியை மட்டும் கை மாற்றிக் கொடுத்தால் போதாது. எல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாற வேண்டும். லேத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். லேத்தும் எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். அந்தப் பக்கமோ சுவர். எங்கள் சந்து எலெக்ட்ரீஷியன் இசாக்காவைக் கூப்பிட்டேன். அவரோடு நாலு பேர் சேர்ந்து, பத்தொன்பது வருடம் அசையாத லேத்தைச் சுவரிலிருந்து பெயர்த்துத் திருப்பிப் போட்டார்கள். இசாக்கா மோட்டாருக்கு வருகிற மூன்று வயர்களில் இரண்டை மாற்றிச் சொருகினார். லேத் எதிர்த் திசையில் ஓடியது.

"இவ்வளவுதான் மாஸ்டர், ரெண்டு வயரு" என்றார் இசாக்கா.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதனால்தான் ஒரு கற்றுக்குட்டிக்கும் தெரிந்த விஷயத்தை மறந்தேன். அச்சு லேத்தின் தண்டில் மரையோடு திருகி ஏறியிருக்கும். ஓட ஓட இறுகுகிற மாதிரிதான் மரை வெட்டியிருப்பார்கள். திசையை மாற்றினால் ஓட ஓடக் கழலும். பிராகோ அக்கா இடது கக்கத்தில் கம்பியை இடுக்கி முதல் தள்ளல் தள்ளினார். தகடு பாட்டு மாதிரி ஒரு சத்தம் போட்டது. "ஆகா!" என்றேன். அடுத்த நொடி அச்சு திருகிக்கொண்டே வெளியே வந்தது, பின்கட்டை பின்னுக்கு நழுவியது, அச்சும் தகடும் சேர்ந்து கதவு வழியாகப் பறந்து அமோட்டெங்கின் கடையில் போய் இறங்கின. ஒரு பெட்டி ஹெட்லைட் நொறுங்கிற்று.

பிராகோ அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தள்ளி நின்றிருந்தார். நான் கத்தியதில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அதுதான். கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

அமோட்டெங் உடைந்த விளக்கும் கையுமாக வந்து நின்றார். "ஒருத்தனுக்குக் கை இல்ல, ஒருத்திக்குக் கை மாறிப் போச்சு. ரெண்டு பேரும் சேந்து சந்துக்காரங்களையே கொல்லப் பாக்கறீங்களா?" என்று கத்திவிட்டு நேரே சங்கத்துக்குப் போனார். சாயங்காலமே செயலாளர் சார்போங் சொல்லி அனுப்பினார். மூன்று மாதம் முடிகிறதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, இரண்டு பெரியவர்களோடு தானே வருவதாக. பட்டறையில் ஒழுங்கான, ஆபத்தில்லாத வேலை நடக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதாக. கண் எதிரில் ஒரு பேசின் ஆக வேண்டும். ஆகாவிட்டால் சாவி அமோட்டெங் கைக்கு.

பன்னிரண்டு நாள் இருந்தது. இசாக்கா அச்சின் கழுத்தையும் தண்டையும் சேர்த்துத் துளை போட்டு, குறுக்கே ஒரு போல்ட்டைச் செருகி முடுக்கினார். இனி எந்தத் திசையில் ஓடினாலும் கழலாது. அந்த வேலைக்கு அவர் கேட்டது ஒரு தட்டுக் களி, இரண்டு மீன்.

பிராகோ அக்கா விடிந்ததும் வந்து, களி கிண்ட நேரமாகும் வரை தகடு தள்ளினார். இரண்டாம் நாள் கொசுவம் குறைந்தது. நாலாம் நாள் தகடு அச்சின் பாதி வரை ஏறியது. ஆறாம் நாள் காலை, அடி தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, விளிம்பு கோணலாக, ஒரு பேசின் வந்தது. அதைக் கழற்றி அதில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒழுகவில்லை. பேசினைக் கீழே வைத்துவிட்டு, தன் இடது கையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். புருஷன் போனதற்கு அழாதவர்.

"நல்லாருக்கு, அக்கா" என்றேன். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை வந்தது. செயலாளர் சார்போங் கஞ்சி போட்ட சட்டையில் வந்தார். கூடவே தலை நரைத்த பெரியவர்கள் இரண்டு பேர். அழைக்காமலே அமோட்டெங்கும் வந்தார். பெஞ்சு போட்டு, முறைப்படி முதலில் தண்ணீர் கொடுத்தோம். குடித்து முடித்து, வந்த காரியத்தைச் சொன்னார்கள். பிராகோ அக்கா தகட்டை ஏற்றி இறுக்கினார், சோப்புத் தேய்த்தார், தள்ளி நின்று ஸ்விட்சைப் போட்டார். எல்லாம் பிசகில்லை. கம்பியை எடுத்தார். நிமிர்ந்து எதிரே பார்த்தார். அங்கே மூன்று பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

கம்பி வலது கக்கத்துக்குப் போயிற்று.

நான் "அக்கா!" என்று கத்தினேன். மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பயனில்லை. பெரியவர்கள் முன்னால் இடது கையை நீட்டக் கூடாது என்று நாற்பது வருடமாக அடித்து அடித்து ஏற்றியது அந்த உடம்பில் இருந்தது. எதிர்த் திசையில் ஓடுகிற லேத்தில் வலது கையால் தள்ளினால் என்ன ஆகும்? கம்பி எகிறியது. தகடு ஒரு நொடியில் கொசுவமாகி, பிளந்து, அலறி நின்றது.

அமோட்டெங் கையைத் தட்டித் தூசி உதறுகிற மாதிரி உதறினார். செயலாளர் எழுந்தார். "சரி துவோமோ. பாத்தாச்சு."

பிராகோ அக்கா லேத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய அடுப்பு, மகளின் படிப்பு, என் பத்தொன்பது வருடம், எல்லாம் அந்தக் கிழிந்த தகட்டில் தொங்கியது. நான் இந்தச் சந்தில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய எத்தனையோ தடவைகளில் கேட்டதில்லை. அன்றைக்குச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் காலோடு பெரியவர்கள் முன்னால் போய் நின்று குனிந்தேன்.

"பெரியவங்களே, இந்த அம்மா இடது கைக்காரங்க. உங்களுக்கு மரியாத குடுக்கணும்னுதான் இப்ப வலது கையால தள்ளினாங்க. அந்த மரியாதையிலதான் தகடு கிழிஞ்சுது. அவங்களுக்காக நான் கேட்டுக்கறேன். இடது கை, மன்னிச்சுக்கணும். இந்தக் கைய ஒரு தடவ நானும் அவமானப்படுத்தியிருக்கேன். அதுக்கும் சேத்துத்தான் கேக்கறேன்."

துவோமோ மன்னிப்புக் கேட்கிறான் என்பதை நம்புவதற்கே அவர்களுக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்திருக்கும். பெரியவர்களில் ஒருவர் செயலாளரின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"நான் பேசினப் பாக்க வந்தேன், கையப் பாக்க வரல" என்றார் அவர். "யம்மா, எந்தக் கைய ஆண்டவன் குடுத்தானோ அந்தக் கையால தள்ளு. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. இன்னொரு வாய் தண்ணி மட்டும் குடு."

பிராகோ அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து புதுத் தகட்டை ஏற்றினார். கம்பியை இடது கக்கத்தில் வைத்தார். பெஞ்சுப் பக்கம் பார்க்கவே இல்லை. அடிப்பக்கத்தைப் பிடிக்க வைத்தார். சின்னத் தள்ளல், சின்னத் தள்ளல். வலது கைக் கட்டை தகட்டுக்குப் பின்னால் தாங்கிக்கொண்டே வந்தது. நடுவில் கழற்றி, சோப்புக் கோடு இழுத்து, அடுப்பில் காட்டி, ஆறவிட்டு, மறுபடி ஏற்றினார். இடுப்பு சாய்ந்து நிமிர்ந்தது. சொல்லித் தர எனக்கு ஒன்றும் இல்லை. தகடு அச்சின் மேல் ஏறி ஏறி விளிம்பு வரை போய்ப் படிந்தது. ஓரத்தைச் சீவி, மடித்து, ஸ்விட்சை அணைத்தார். பேசினைத் துணியால் துடைத்துப் பெஞ்சின் மேல் வைத்தார். பெரியவர் விரலால் சுண்டினார். விளிம்பைத் தடவினார். "எம் பொண்டாட்டி இதப் பாத்தா விடமாட்டா" என்றார். அமோட்டெங் எப்போது போனார் என்று தெரியவில்லை.

நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அவ்வளவு சீக்கிரம் விட்டிருக்கக் கூடாது. செயலாளர் சார்போங் நோட்டைத் திறந்தார்.

"பட்டறை ஓடுது, சந்தோஷம். ஓட்டறவங்க பேருக்குத்தான் இடம். யாரு பேர எழுதட்டும்?"

"என் பேருதான இருக்கு" என்றேன்.

"துவோமோ, நீ ஓட்டறேன்னு எழுதினா அது பொய். பொய்ய எழுதினா நாளைக்கு அமோட்டெங் வந்து கேப்பாரு, நான் குடுத்துதான் ஆகணும். இந்தம்மா பேர எழுதினா இடம் நிக்கும். ஆனா அப்புறம் உன் கை சரியாயிடுச்சுன்னு வந்து திருப்பிக் கேக்க முடியாது. அவங்க இடம் அவங்க இடம்தான். யோசிச்சுச் சொல்லு."

பிராகோ அக்கா, "ஐயா, மாஸ்டர் பேரையே..." என்று ஆரம்பித்தார்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு விட மனசு வரவில்லை. பத்தொன்பது வருடத்து இடம். ஆனால் அந்தப் பேசின் பெஞ்சின் மேல் இருந்தது. அதை யார் செய்தார்கள் என்பதை மூன்று பேர் கண்ணால் பார்த்திருந்தார்கள். நானும் பார்த்திருந்தேன்.

"பிராகோன்னு எழுதுங்க" என்றேன். "பெரிய எழுத்துல எழுதுங்க."

அவர்கள் போன பிறகு பட்டறையில் நாங்கள் இரண்டு பேர்தான். கட்டுப் பிரித்தாலும் முழங்கை பாதிக்கு மேல் மடங்காது என்று டாக்டர் முந்தின வாரமே சொல்லியிருந்தார். அதை யாரிடமும் நான் சொல்லவில்லை. அன்றைக்கு அக்காவிடம் சொன்னேன். இனி என் வலது கையால் கம்பி பிடிக்க முடியாது என்றேன். என் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, போய் வருகிறேன் என்றேன்.

"எங்க போற?" என்றார். அதுவரை என்னை மாஸ்டர், நீங்கள் என்று மட்டுமே பேசியவர்.

"வீட்டுக்கு."

"உனக்கு இடது கை நல்லாத்தான இருக்கு, தம்பி?"

நான் அவரைப் பார்த்தேன். சிரிக்கவில்லை, கிண்டலும் இல்லை. லேத்துக்கு முன்னால், தான் நின்ற இடத்தைக் காட்டினார். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்துடு. மொத ரெண்டு மாசம் கொசுவமாத்தான் வரும், பரவால்ல. நான் கத்த மாட்டேன். வாய வீட்ல வெச்சிட்டு வா."

மறுநாள் ஆறரைக்கே போய் வாசலில் நின்றேன். சாவி அவரிடம் இருந்தது.